ஜேம்ல சூட்டு மீட்டர் ஊசி ஏறுதா? ரேடியேட்டர் காத்தாடி கோளாற வீட்டுலயே கண்டுபிடிச்சு மாத்துற வழி

தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி, அம்மா, அக்கா, அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரு எல்லாரையும் ஏத்திக்கிட்டு செந்தூல்லேர்ந்து பத்துமலைக்கு கிளம்பினேன். காடி நம்ம பழைய புரோட்டான் வீரா 1.5 கார்தான். ஜாலான் ஈப்போவுல ஓரளவு நகர்ந்துச்சு, அதுக்கப்புறம் ஜேம், அப்படியே நின்னுட்டோம். இருபது நிமிஷம் இருக்கும், ஏர்கோன்லேர்ந்து வெதுவெதுன்னு காத்து வர ஆரம்பிச்சுச்சு, பின்னாடி சின்னவ "மாமா வேர்க்குது"ன்னா, எஞ்சின் சூட்ட காட்டுற மீட்டர பாத்தா எப்பவும் பாதிக்கு கீழ நிக்கிற ஊசி முக்கால தாண்டி நிக்குது. ஏர்கோன ஆஃப் பண்ணி, சிக்னல் போட்டு ஓரங்கட்டி, எறங்கி முன்னாடி போய் காது குடுத்து கேட்டா எஞ்சின் சத்தம் மட்டும்தான், காத்தாடி சத்தம் சுத்தமா இல்ல. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் ஒரு வர்க்‌ஷாப்புல காத்தாடி மோட்டார் மாத்தி 220 வெள்ளி குடுத்துட்டு வந்திருந்தேன்.

அந்த புது மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. பழைய மோட்டார்லயும் ஒரு குறையும் இருந்திருக்காதுன்னு இப்ப தெரியுது. கோளாறு பேட்டரி தட்டுக்கு கீழ பாடில முடுக்கி இருந்த எர்த் வயர்ல (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பி போற வழி). ரெண்டு காத்தாடிக்கும் எர்த் அங்கதான் போய் சேருது, அந்த நட்ட கழட்டி வளையத்த தூக்கி பாத்தா அடியில பச்சையா மாவு மாதிரி பூத்திருக்கு, பாடி பக்கம் துரு, நகத்தால சொரண்டுனா உதிருது. மணல் பேப்பர் வச்சு தேச்சு பளபளன்னு ஆக்கி திரும்ப முடுக்குனதும் ரெண்டு காத்தாடியும் ஓட ஆரம்பிச்சுச்சு. அதனாலதான் உக்காந்து எழுதுறேன்: காத்தாடி நின்னுச்சுன்னா மோட்டார் வாங்க ஓடாதீங்க, கரண்ட் எதுவரைக்கும் வருது, எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க. பாத்த பிறகும் மோட்டார்தான்னு தெரிஞ்சா அத வீட்டுலயே மாத்திடலாம், அதையும் கீழ சொல்றேன்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்கவே கூடாது. உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கு, நம்ம காடிங்க மூடில பாத்தீங்கன்னா 0.9 இல்ல 1.1ன்னு போட்டிருக்கும், அது பார் கணக்கு. அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 118, 120 டிகிரி பக்கம் போனாதான் கொதிக்கும், மூடிய திறந்த நொடியில அழுத்தம் போயிடும், 110 டிகிரில அமைதியா இருந்த தண்ணி அப்படியே கொதிச்சு மூஞ்சில அடிக்கும். ரேடியேட்டர் மேல ஓஸ (ரப்பர் குழாய) வெறும் கையால பிடிக்க முடியுற அளவுக்கு ஆறணும், அதுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

ரெண்டாவது, காத்தாடி எப்ப வேணும்னாலும் சுத்தும். சில காடில சாவிய எடுத்த பிறகும் சூடு இருந்தா தானா ஓடும். டெஸ்ட் பண்ற நேரம் தவிர கைய உள்ள விடும்போதெல்லாம் பேட்டரி நெகட்டிவ கழட்டி வச்சிடுங்க, டெஸ்ட் பண்ணும்போது சட்டை கை, கழுத்து சங்கிலி, கயிறு எதுவும் தொங்கக்கூடாது. ஹைபிரிட் காடியா இருந்தா இதுல எதையும் பண்ணாதீங்க, கடைக்கு கொண்டு போங்க.

கையில வேண்டியது: 10 நம்பர் சாக்கெட், 12 நம்பர் சாக்கெட், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், டெஸ்ட் லைட், ரெண்டு நீள வயர், அதுல ஒன்னுல 20 ஆம்பியர் பியூஸ் கோத்தது, பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்னு. அந்த பல்ப் எதுக்குன்னு பின்னாடி வரும், தூக்கி போட்டுடாதீங்க.

ஜேம்ல சூடு ஏறுது, ஓடுனா இறங்கிடுது

இது காத்தாடி கோளாறோட நேரான அடையாளம். காடி ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டர் வழியா புகுந்து போயிடும், அப்ப காத்தாடி வேலை செஞ்சாலும் செய்யலன்னாலும் வித்தியாசம் தெரியாது. நின்னாதான் காத்த இழுக்க காத்தாடி வேணும். ஃபெடரல் ஹைவேல காலையில எட்டு மணிக்கு நின்னு பாருங்க, முன்னாடி இருக்குற லோரி விடுற சூடும் சேர்ந்து வரும், அந்த நேரத்துல காத்தாடி இல்லன்னா பத்து நிமிஷம் தாங்காது.

நேர்மாறா, ஹைவேல ஏறுது, இல்ல கெந்திங் மேடு ஏறும்போது ஏறுது, ஜேம்ல ஒன்னும் ஆகல

காத்தாடிய விட்டுடுங்க. தண்ணி கொறைஞ்சிருக்கா, தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு) முழுசா தொறக்குதா, ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கா, வாட்டர் பம்பு நல்லா இருக்கா, அந்த வழியில போங்க. தண்ணி தானா கொறைஞ்சுகிட்டே போகுது, ஆயில் மூடிக்கு அடியில தே தாரே (பால் டீ) கலர்ல நுரை, எக்ஸாஸ்ட்ல வெள்ளப் புகை நிக்காம வருதுன்னா ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில இருக்குற சீல்) வேல, அத வீட்டுல பாக்காதீங்க.

காத்தாடி சுத்தவே இல்ல

இதுக்குத்தான் நேரம் எடுத்து பாக்கணும். வரிசை முக்கியம், சுலபமானதுலேர்ந்து கஷ்டமானதுக்கு போங்க.

முதல்ல எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஏர்கோன போடுங்க. நெறைய காடில ஏர்கோன் போட்ட உடனே காத்தாடி ஒன்னோ ரெண்டோ ஓடணும். வீரா மாதிரி ரெண்டு காத்தாடி இருக்குற காடில ஒன்னு ரேடியேட்டருக்கு, ஒன்னு ஏர்கோனுக்கு. ரெண்டும் ஓடலன்னா ரெண்டுக்கும் பொதுவான இடத்த சந்தேகப்படுங்க, எர்த், மெயின் பியூஸ், சாவி பக்கம் வர்ற லைன். ஒன்னு மட்டும் ஓடலன்னா அதோட பியூஸ், ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கிற சுவிட்ச்), பிளக், மோட்டார். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிஞ்சிடும், என் காடில அன்னைக்கு ரெண்டுமே நின்னிருந்துச்சு, ரெண்டு மோட்டார் ஒரே நாள்ல சாகாதுன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

அடுத்து பியூஸ். வெளிய எடுத்து வெளிச்சத்துல பாருங்க, கண்ணுக்கு நல்லா தெரிஞ்சாலும் மீட்டர்ல வச்சு பாருங்க, கால் கிட்ட விரிசல் விட்டிருந்தா கண்ணுக்கு தெரியாது. பொனட்டுக்குள்ள இருக்குற பெரிய பியூஸ் 20, 30 ஆம்பியர்னு இருக்கும், அதையும் விடாதீங்க.

அடுத்து ரிலே. ஹார்ன் ரிலே அதே மாதிரி கால் அதே மாதிரி நம்பரா இருந்தா ரெண்டையும் மாத்தி போட்டு பாருங்க, காத்தாடி ஓடி ஹார்ன் நின்னுச்சுன்னா ரிலேதான் குத்தவாளி, புது ரிலே பத்து பதினஞ்சு வெள்ளி சுத்திதான் வரும். டிக்குன்னு சத்தம் வந்தா ரிலே நல்லா இருக்குன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது தப்பு. டிக் சத்தம் உள்ள இருக்குற காயில் வேல செய்யுதுன்னு மட்டும்தான் காட்டும், கரண்ட்ட கடத்துற முனை கரிஞ்சு போயிருந்தாலும் டிக் கேக்கும். காயில் காலு ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சா 50லேர்ந்து 120 ஓம்முக்குள்ள காட்டணும், 12 வோல்ட் குடுத்தா மத்த ரெண்டு காலும் ஒன்னு சேரணும். ரிலேவ புடுங்கிட்டு அது உக்காந்திருந்த குழியில டெஸ்ட் லைட் வைங்க, பேட்டரிலேர்ந்து வர்ற லைன்ல லைட் எரியணும். சில காடில சாவி ஆன் பண்ணாதான் எரியும், அதனால ஆன் பண்ணியும் பாருங்க.

அதுவும் சரின்னா மோட்டார நேரா டெஸ்ட் பண்ணுங்க. எஞ்சின் ஆஃப், மோட்டார் பிளக்க கழட்டிட்டு, மோட்டார் பக்கம் இருக்குற ரெண்டு முனைக்கு பேட்டரிலேர்ந்து அந்த பியூஸ் கோத்த வயர குடுங்க. முதல்ல மோட்டார் பக்கம் மாட்டிட்டு கடைசியா பேட்டரில தொடுங்க, பேட்டரி கிட்ட கடைசியா தொடுறது நெகட்டிவா இருக்கட்டும், அதுவும் பேட்டரிய விட்டு தள்ளி எஞ்சின் இரும்புல தொடுறது இன்னும் நல்லது, பொறி பறக்கும். நல்ல மோட்டார் வெடுக்குன்னு கிளம்பி ஒரே சத்தத்துல ஓடும். ஓடுச்சுன்னா மோட்டார்ல குறை இல்ல, அத விட்டுட்டு வயரிங் பக்கம் போங்க.

இப்பதான் ஹெட்லைட் பல்ப். காடி பக்கம் வர்ற பிளக்ல மல்டிமீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டும், உடனே கரண்ட் வருது மோட்டார்தான் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. மீட்டர் இழுக்குற கரண்ட் ஒன்னுமே இல்ல, வயருக்குள்ள இருபது நார்ல ஒரே ஒரு நார் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மோட்டார் 6லேர்ந்து 10 ஆம்பியர் வரை கேக்கும், அந்த ஒத்த நாரால குடுக்க முடியாது. அதனால பிளக் முனையில 55 வாட் ஹெட்லைட் பல்ப மாட்டுங்க, அது நாலரை ஆம்பியர் இழுக்கும், காத்தாடி ஓடவேண்டிய நேரத்துல பல்ப் பளிச்சுன்னு எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியலன்னாலோ வழியில எங்கயோ அடைப்பு.

பல்ப் எரியலன்னா எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க, பிளக்க மோட்டார்ல மாட்டிட்டு பின்னாடி வழியா மீட்டர் முனைய சொருகி பாருங்க. மீட்டர் கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல இருக்கணும். பாசிட்டிவ் வயர்ல பேட்டரில என்ன இருக்கோ அதுக்கு அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும், எர்த் வயர்ல கிட்டத்தட்ட பூஜ்யம், 0.2க்கு மேல போகக்கூடாது. என் காடில பாசிட்டிவ்ல 12.3, எர்த் வயர்லயும் 12.1. எர்த் வயர்ல 12 காட்டுதுன்னா கரண்ட் மோட்டாருக்குள்ள போய் வெளிய வந்து அங்கேயே முட்டிக்கிட்டு நிக்குது, போக வழி இல்லன்னு அர்த்தம். இது புரிஞ்சிடுச்சுன்னா காடில பாதி கரண்ட் கோளாற நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

பிளக்கையும் நல்லா பாருங்க. எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு அண்ணன் காடில பிளக் வெளிய பாக்க நல்லா இருந்துச்சு, கழட்டுனா ஒரு பக்க பிளாஸ்டிக் பழுப்பா உருகி, உள்ள முனை கருப்பாயி, லூசா ஆடுது. அந்த மாதிரி இருந்தா தேச்சு விடுற வேலையெல்லாம் பத்தாது, பிளக்க வெட்டி எடுத்துட்டு அதே அளவு தடிமன் வயரோட புது பிளக் போட்டு, ஈயம் வச்சு ஒட்டி, மேல சுருங்குற டியூப் போட்டு சூடு காட்டுங்க. வயர முறுக்கி டேப் சுத்துறது ஆறு மாசம் கூட தாங்காது, பொனட்டுக்குள்ள இருக்குற சூட்டுல டேப் பசை உருகி வழிஞ்சிடும்.

இவ்வளவும் சரியா இருந்தும் ஓடலன்னா ஓடச் சொல்ற ஆள பாக்கணும். பழைய காடில ரேடியேட்டர்லயே ஒரு தெர்மோ சுவிட்ச் திருகி இருக்கும், தண்ணி சூடானா அது ரெண்டு முனையையும் சேத்து விடும். சாவி ஆன்ல வச்சு, அந்த சுவிட்ச் பிளக்க கழட்டி காடி பக்கம் இருக்குற ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால சேத்து விடுங்க, காத்தாடி ஓடுனா சுவிட்ச் போச்சு. புது காடில இந்த சுவிட்ச் இல்ல, கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணி) சென்சார் சூட்ட பாத்து இசியுகிட்ட (எஞ்சின் கம்ப்யூட்டர்கிட்ட) சொல்லும், இசியு ரிலேவ இழுக்கும். அந்த சென்சார் பிளக்ல வயர் போட்டு சேக்குற வேலை வேணாம். எஞ்சின் ஓடும்போது சென்சார் பிளக்க கழட்டுனா நெறைய காடில இசியு பயந்து காத்தாடிய முழு வேகத்துல ஓட விடும், செக் எஞ்சின் லைட்டும் எரியும், அப்படி ஓடுச்சுன்னா மோட்டார், ரிலே, வயர் எல்லாம் சரி, சென்சார்தான்.

இங்க ஒன்னு சொல்லியே ஆகணும். தெர்மோ சுவிட்ச் போச்சுன்னா சில இடத்துல "டைரக்ட் போட்டுடலாம் லா"ன்னு சொல்லி பேட்டரிலேர்ந்து மோட்டாருக்கு நேரா வயர் இழுத்து டாஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு குடுத்துடுறாங்க. பியூஸ் இல்லாம, ரிலே இல்லாம, விளக்குக்கு போடுற மெல்லிசு வயர்ல. நின்ன இடத்துலயே 8 ஆம்பியர் அந்த வயர்ல ஓடுனா வயர் தோல் இளகி பக்கத்து இரும்புல ஒட்டும், காடி எரியிறது இப்படித்தான் ஆரம்பிக்கும். சுவிட்ச போட மறந்தா எஞ்சின் போச்சு, அணைக்க மறந்தா காலையில பேட்டரி போச்சு. நல்ல தெர்மோ சுவிட்ச் ஒன்னு வாங்கி திருகிடுங்க, குடும்பத்த ஏத்திக்கிட்டு போற காடி அது.

குச்சியால தட்டுனா ஓடுது

மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்குற கரித்துண்டு) தேஞ்சு போச்சு. எஞ்சின ஓட விட்டு, காத்தாடி ஓடவேண்டிய நேரத்துல நீள மரக்குச்சியால மோட்டார் முதுகுல, இறக்கையில இல்ல, முதுகுல லேசா தட்டுங்க, கிளம்புச்சுன்னா சந்தேகமே இல்ல. வேற ஒரு காடிலேர்ந்து கழட்டுன பழைய மோட்டார் ஒன்ன ஆசைக்கு பிரிச்சு பாத்தேன், உள்ள முழுக்க கருப்பு தூள், பிரஷ் ரெண்டும் தேஞ்சு ஸ்பிரிங் தாமிரத்துல உரசி கோடு போட்டிருந்துச்சு. இன்னைக்கு தட்டுனா ஓடும், நாளைக்கு ஓடாது, மோட்டார மாத்திடுங்க.

பியூஸ் போட போட போய்க்கிட்டே இருக்கு

பேட்டரிய கழட்டிட்டு இறக்கைய கையால சுத்தி பாருங்க. இறுக்கமா இருந்தா பேரிங் சிக்கிக்கிச்சு, சிக்குன மோட்டார் ஓடுற கரண்ட்ட விட பல மடங்கு இழுக்கும். லேசா சுத்துதுன்னா மோட்டார் பிளக்க கழட்டிட்டு புது பியூஸ் போடுங்க, அப்பவும் போச்சுன்னா வயர் எங்கயோ பாடில உரசி தோல் பிஞ்சிருக்கு, போகலன்னா மோட்டாருக்குள்ள ஷார்ட். 20 ஆம்பியர் இருந்த இடத்துல 30 போட்டு ஓட்டாதீங்க, அப்புறம் பியூஸுக்கு பதிலா வயர் உருகும்.

மெதுவா சுத்துது

எர்த்து, பிளக், தேஞ்ச பிரஷ், இதுல ஒன்னு. ரெண்டு வேகம் இருக்குற காடில மெதுவான வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க, அது போச்சுன்னா மெது வேகம் மட்டும் இருக்காது, ரொம்ப சூடான பிறகு திடீர்னு முழு வேகத்துல கிளம்பும். எஞ்சின் ஓடும்போது பேட்டரில 13.8லேர்ந்து 14.4 வோல்ட் வரணும், அதுவே 12க்கு கீழ இருந்தா காத்தாடிய திட்டாதீங்க, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பாருங்க.

காலையில ஸ்டார்ட் பண்ண உடனே முழு வேகத்துல ஓடுது

எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போதே ஏர்கோன் போடாமலே ஓடுனா சென்சாரோ சென்சார் பிளக்கோ. பழைய காடியா இருந்தா தெர்மோ சுவிட்ச் உள்ள ஒட்டிக்கிச்சு.

காடிய பூட்டிட்டு வந்த பிறகும் ஓடிக்கிட்டே இருக்கு

ரெண்டு மூணு நிமிஷம் ஓடி நின்னுச்சுன்னா பல காடில அது இயல்பு. நிக்கவே இல்லன்னா ரிலேவ புடுங்குங்க, காத்தாடி நின்னுச்சா, பெரும்பாலும் ரிலே முனை ரெண்டும் கரிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். ராத்திரில புடுங்கி வச்சீங்கன்னா காலையில அப்படியே ஓட்டிட்டு போயிடாதீங்க, ஸ்டியரிங்ல ஒரு துண்டு பேப்பர் ஒட்டி வைங்க.

கடகடன்னு சத்தம்

இறக்கையில விரிசல் இருக்கா, காத்தாடிய சுத்தி இருக்குற கூடுல உரசுதா, காஞ்ச இலை, பிளாஸ்டிக் பை ஏதும் சிக்கியிருக்கான்னு பாருங்க. கே.எல்ல மழை பெஞ்சா திடீர் வெள்ளம் எப்படி ஏறும்னு தெரியும், ஆழமான தண்ணில காத்தாடி ஓடிக்கிட்டே போனா தண்ணி இறக்கைய முன்னாடி இழுத்து ரேடியேட்டர்ல உரச விடும், இறக்க ஒடையும், அதோட ரேடியேட்டரும் கிழியும். வெள்ளத்துல மாட்டிட்டு வந்த காடின்னா மறுநாளே ஒருதடவ டார்ச் அடிச்சு பாத்துடுங்க. இறக்கைய பிடிச்சு முன்ன பின்ன ஆட்டுனா ஆட்டம் குடுத்துச்சுன்னா புஷ் (தண்ட தாங்குற வளையம்) தேஞ்சு போச்சு, எண்ணெய் விடுறதெல்லாம் ரெண்டு வாரத்துக்குத்தான்.

காடி ஓடும்போது ஏர்கோன் ஜில்லு, நின்னா சூடு காத்து

என் மாமா மகன் பட்டர்வொர்த்லேர்ந்து தினமும் பினாங்கு பாலத்துல போய் வர்றவன், 13.5 கிலோமீட்டர் பாலத்துல காடி எல்லாம் நின்னா ஏர்கோன் செத்துடும், நகர ஆரம்பிச்சா உயிர் வரும். ஏர்கோன் கடையில கேஸ் ரெண்டு தடவ ஏத்திட்டான். கேஸ்ல ஒன்னும் இல்ல, ஏர்கோன் பக்கத்து காத்தாடி நின்னு போச்சு, ஊசி ஏறாததால அவனுக்கு சந்தேகமே வரல. ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற ஏர்கோன் கண்டென்சர் சூட்ட வெளிய விட முடியாம அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசர அணைச்சு விட்டுடும். கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி ஏர்கோன போட்டுட்டு எறங்கி போய் காத்தாடி ஓடுதான்னு பாருங்க, அரை நிமிஷ வேலை.

ஓடுது, ஆனாலும் சூடு ஏறுது

எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. நம்ம காடில காத்தாடி ரேடியேட்டருக்கு பின்னாடி இருந்து காத்த எஞ்சின் பக்கமா இழுக்கணும். முன்னாடி கிரில்ல ஒரு டிஷ்யூ பேப்பர வைங்க, உள்ள இழுத்து ஒட்டிக்கணும். தள்ளி விட்டுச்சுன்னா யாரோ ரெண்டு வயர மாத்தி மாட்டிட்டாங்க. டிசி மோட்டார், வயர மாத்துனா சுத்துற திசையும் மாறிடும். டிஷ்யூ ஒட்டியும் சூடுன்னா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசும் பூச்சியும் அடைச்சிருக்கான்னு பாருங்க, எஞ்சின் பக்கத்துலேர்ந்து முன்னாடிக்கு லேசான தண்ணி விட்டு கழுவுங்க, வாட்டர் ஜெட் அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் படுத்துடும்.

சரி, மோட்டார்தான் போச்சு, மாத்தணும்

பழசு கையில இல்லாம கடைக்கு போகாதீங்க. ஒரே காடிக்கே ரெண்டு மூணு விதமா மோட்டார் வரும், பிளக் வடிவம், தண்டு நீளம், மூணு ஸ்க்ரூ ஓட்டைக்கு நடுவுல இருக்குற தூரம், இறக்கை மாட்டுற ஓட்டை வட்டமா இல்ல ஒரு பக்கம் தட்டையா, சுத்துற திசை, இவ்வளவும் ஒத்துப்போகணும். பொத்தோங் கடையில (பழைய காடிய பிரிச்சு பாகம் விக்கிற கடை) பழசு வாங்குறது தப்பில்ல, நானே வாங்கியிருக்கேன், கூடு, இறக்கை, மோட்டார் மூணும் சேத்து ஒரே செட்டா வாங்குங்க, கவுண்டர்லயே பேட்டரில மாட்டி அஞ்சு நிமிஷம் ஓட விடச் சொல்லுங்க, நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டாரு.

எஞ்சின் ஆறட்டும், நெகட்டிவ கழட்டுங்க. நெறைய காடில கூலண்ட்ட இறக்க வேண்டியதில்ல, மேல ஓஸ் வழிய மறைச்சா மட்டும் கொஞ்சம் இறக்கிட்டு ஓஸ கழட்டணும். இறக்குன கூலண்ட்ட தட்டுல பிடிங்க, தரையில சிந்துனா உடனே தண்ணி ஊத்தி கழுவி துடைங்க, அது விஷம், ஃபிளாட்டுக்கு கீழ திரியிற பூனைங்க நக்கிட்டா செத்துப்போகும்.

மோட்டார் பிளக்க கழட்டி, வயர பிடிச்சிருக்குற கிளிப்பையெல்லாம் விடுவிச்சிட்டு, ஒரு பழைய மைலோ அட்டைப்பெட்டிய வெட்டி ரேடியேட்டருக்கும் காத்தாடிக்கும் நடுவுல இறக்குங்க. இத செய்யாம விடாதீங்க, கூடு மேல வரும்போது முனை ஒரு தடவ கீறுனா போதும், அடுத்து நீங்க ரேடியேட்டர் வாங்கணும். மேல ரெண்டு 10 நம்பர் போல்ட், கீழ சில காடில ரெண்டு போல்ட், சில காடில வெறும் பள்ளத்துல உக்காந்திருக்கும். கூட்ட நேரா மேல தூக்குங்க, முட்டுச்சுன்னா இழுக்காதீங்க, சாய்ச்சு திருப்பி பாருங்க. ஆட்டோ கியரா இருந்தா ரேடியேட்டர் அடியில கியர் ஆயில் ஓஸ் ரெண்டு போகும், அத தொடாதீங்க. ஏர்கோன் பைப்பையும் வளைக்காதீங்க, கேஸ் போச்சுன்னா அது தனி செலவு.

வெளிய வந்ததும் இறக்கை நட்டு. கிளிப் போட்டதும் உண்டு, நட்டு போட்டதும் உண்டு, சில காத்தாடில மரை தலைகீழா இருக்கும், வலது பக்கம் திருப்புனாதான் கழரும், அதனால பலத்த காட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் லேசா முயற்சி பண்ணுங்க. துரு பிடிச்சிருந்தா எண்ணெய் ஸ்பிரே அடிச்சு அரை மணி நேரம் விட்டுடுங்க, இறக்கைய பிடிச்சு முறுக்குனா பிளாஸ்டிக் விரிஞ்சிடும், தண்ட பிளையர்ல பிடிச்சுக்கிட்டு நட்ட திருப்புங்க. அப்புறம் பின்னாடி மூணு ஸ்க்ரூ, மோட்டார் கையில வந்திடும்.

புது மோட்டார மாட்டும்போது ஸ்க்ரூ மூணையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி முடுக்குங்க, மரை பூட்டு பசை ஒரு சொட்டு விடுங்க. இறக்கைய மாட்டி கையால சுத்தி, கூட்டுக்கும் இறக்கை முனைக்கும் நடுவுல சுத்தி முழுக்க ஒரே அளவு இடைவெளி இருக்கான்னு பாருங்க. காடில ஏத்துறதுக்கு முன்னாடியே தரையில வச்சு பேட்டரில ஒரு தடவ ஓட விட்டு, திசைய பாத்துடுங்க. கூடு ஒடஞ்சிருந்தா கூடையும் மாத்துங்க, கூடு இல்லாத காத்தாடி தன் வட்டத்துக்கு நேரா இருக்குற இடத்துல மட்டும்தான் காத்த இழுக்கும், மத்த இடமெல்லாம் சும்மா நிக்கும்.

ஏத்துன பிறகு எர்த் முனைய கட்டாயம் கழட்டி தேச்சு, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி முடுக்குங்க. புது மோட்டாரோட பழைய எர்த்தா இருந்தா நான் பட்ட பாட்ட நீங்களும் படுவீங்க.

தண்ணி ஊத்தி ஓட விட்டு பாக்குறது

கூலண்ட் இறக்கியிருந்தா பாதி கூலண்ட், பாதி காய்ச்சி வடிச்ச (டிஸ்டில்ட்) தண்ணி, ரெடி மிக்ஸ் வாங்குனீங்கன்னா அப்படியே ஊத்துங்க. நம்ம ஊர்ல தண்ணி உறையாதே கூலண்ட் எதுக்குன்னு பைப் தண்ணி ஊத்துறவங்க இன்னும் இருக்காங்க, கூலண்ட்ல துரு பிடிக்காம காக்குற மருந்து இருக்கு, அது இல்லன்னா உள்ள அரிச்சுடும். கலர பாத்து ரெண்டு விதத்த கலக்காதீங்க, கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

மூடிய திறந்து வச்சு எஞ்சின ஓட விடுங்க, ஏர்கோன் வேணாம். குமிழி குமிழியா காத்து வரும், மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. வெளிநாட்டு வீடியோவுல ஹீட்டர ஆன் பண்ணுன்னு சொல்வாங்க, நம்ம ஊர் காடி நெறைய ஹீட்டரே இல்லாம வருது, இருந்தா போடுங்க, இல்லன்னா கவலப்படாதீங்க. மட்டம் நின்னு, பொங்கி வர்ற மாதிரி தெரிஞ்ச உடனே, கொதிக்க விடாம, மூடிய போட்டுடுங்க. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா அதே நம்பர்ல புது மூடி.

இப்ப நாற்காலிய போட்டு பக்கத்துல உக்காருங்க, எங்கயும் போகாதீங்க. மேல ஓஸ் சூடாகும், அது தெர்மோஸ்டாட் திறந்துச்சுன்னு காட்டுது, பெரும்பாலும் 82, 88 டிகிரில திறக்கும். ஊசி பாதி கிட்ட வரும், காத்தாடி தானா கிளம்பும், ஒன்னு ரெண்டு நிமிஷம் ஓடி நிக்கும், திரும்ப கிளம்பும். மூணு தடவ அப்படி ஓடி நின்னா நல்லது. ஊசி முக்கால தாண்டியும் கிளம்பலன்னா அணைச்சிடுங்க, மேல சொன்ன தெர்மோ சுவிட்ச் பக்கம் திரும்ப போங்க. அதுக்கப்புறம் ஏர்கோன் போட்டு டிஷ்யூ வச்சு ஒருதடவ பாருங்க, தாமான ரெண்டு சுத்து சுத்தி வந்து இன்னொரு பத்து நிமிஷம் நிறுத்தி வச்சு பாருங்க.

மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரிசர்வ் டாங்க பாருங்க, ராத்திரி ஆறும்போது ரேடியேட்டர் அதுலேர்ந்து கொஞ்சம் இழுத்திருக்கும், கீழ் கோட்டுக்கு கீழ போயிருந்தா மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க. ரெண்டு மூணு நாளைக்கு அப்புறமும் இறங்கிக்கிட்டே இருந்தா ஓஸ் கிளாம்ப பாருங்க, நீங்க கழட்டி மாட்டுன அந்த மேல் ஓஸ்லேர்ந்தே ஆரம்பிங்க.